கோட்டத்தோடு போன ஒரே சக்கரம்

சைக்கிள் கடை அக்காவுக்கு 'தெரியாது' என்ற சொல் மட்டும் வாயில் வராது. வழி கேட்டால் சொல்வாள், வைத்தியம் கேட்டால் சொல்வாள், பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டால் கேட்காததையும் சேர்த்துச் சொல்வாள். பிறந்ததிலிருந்து இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. விளக்கு எரிகிறதா இல்லையா என்ற அளவுக்குத்தான் தெரியும். அதற்காக யாராவது அவளிடம் 'பாவம்' என்கிற குரலில் பேச்சை ஆரம்பித்தால், அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

கடை தெருமுனையில், ஒரு ஷட்டர் அகலத்துக்கு. உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ட்யூப்கள், வலது பக்கம் செயின்களும் பெடல்களும், நடுவில் அவளுடைய மேஜை. மேஜை விளிம்பில், முன்சக்கரத்தை இரண்டு காலால் கவ்விப் பிடிக்கும் பழைய ஃபோர்க் ஒன்றைத் தலைகீழாக முடுக்கி வைத்திருந்தாள். பழுதான சக்கரத்தை அதில் மாட்டிச் சுற்றிவிடுவாள். ரிம் நேராக ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி ஆடினால் அதற்குக் கோட்டம் என்று பெயர். அந்தக் கோட்டத்தை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத நாட்களில் அவளே சொல்லிக்கொள்வாள்.

அவள் செய்கிற விதம் இதுதான். ஃபோர்க்கின் காலில் கையை ஊன்றி, கட்டைவிரல் நகத்தை ரிம்முக்கு மயிரிழை தள்ளி வைத்துக்கொள்வாள். சக்கரம் சுற்றும். கோட்டம் இருக்கும் இடம் வந்ததும் ரிம் நகத்தைத் தட்டும். தட்டிய இடத்தில் நிறுத்தி, இந்தப் பக்கத்து ஸ்போக்கைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப்பக்கத்து ஸ்போக்கைக் கொஞ்சம் முறுக்குவாள். மறுபடி சுற்று. நகத்தில் தட்டாமல் போகும்வரை இதே வேலை. ஸ்போக்கை எண்ண வேண்டி வந்தால் வால்வுக்குப் பக்கத்திலிருந்துதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும் என்பது கடையின் சட்டம். காற்றடிக்கிற வால்வு ரிம்மின் உள்பக்கமாக ஒரு கட்டைவிரல் போலத் துருத்திக்கொண்டிருக்கும், கைக்கு அது தப்பவே தப்பாது. "கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன்" என்று மற்ற மெக்கானிக்குகள் பீற்றிக்கொள்வதைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அவள் கடையிலிருந்து கோட்டத்தோடு ஒரு சக்கரம் வெளியே போனதில்லை. தெருவில் போகும் சைக்கிளின் ரிம் பிரேக் கட்டையில் 'ஸ்க், ஸ்க்' என்று உரசும் சத்தம் கேட்டாலே போதும், உள்ளேயிருந்து கத்துவாள்: "யாருப்பா அது? இறங்கு! அந்த வீலோட எங்கே போறே?" பயந்து இறங்கியவர்கள் உண்டு. பயந்து வேகமாக மிதித்தவர்களும் உண்டு.

இரண்டு கடை தள்ளி முடி வெட்டும் கடை வைத்திருந்தவர் அவளுடைய கணவர். பஞ்சர் ஒட்ட வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர். அமைதியான மனுஷர். அவள் பேசுகிற பேச்சில் அவர் வேறு பேசினால் வீடு தாங்காது என்று விட்டுவிட்டார். இவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, ஆனால் வீட்டிலும் தெருவிலும் அவள் 'வாலு'தான். நடக்கத் தெரியும் முன்னே ஸ்போக் சாவியைக் கையில் பிடித்த பெண். வயது இப்போது பன்னிரண்டு.

தினமும் காலையில் அம்மா வாலுவுக்குத் தலை பின்னிவிடுவாள். அது வெறும் தலை பின்னுகிற வேலையில்லை. முதலில் இரண்டு கையாலும் முகத்தை வழித்து ஒரு சுற்று வருவாள். நெற்றியில் காய்ச்சல் தெரியும். கண்ணுக்குக் கீழே ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்பது தெரியும். தாடை இறுகியிருந்தால் பள்ளிக்கூடத்தில் ஏதோ சண்டை, அதை மறைக்கிறாள் என்று தெரியும். "என்னடி பண்ணினே?" என்று கேட்டுக்கொண்டே மூன்று கால் பிரித்துப் பின்னுவாள். வாலு எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். அந்த வீட்டில் தாயும் மகளும் பேசிக்கொண்டதில் பாதி அந்த நேரத்தில் பேசியதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் செயின் அறுந்து வந்து நின்றார் கண் டாக்டரம்மா ஒருவர்.

செயின் மாட்டுகிற நேரத்தில் அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. அக்காவின் முகவாயைத் தூக்கி, வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தார். "சின்ன வயசுல யாராவது காட்டினீங்களா?" என்று கேட்டார். காட்டியதும், ஒன்றும் செய்ய முடியாது என்று அந்தக் காலத்தில் சொல்லி அனுப்பியதும் தெரிந்தது. "இப்போ வலது கண்ணுல செய்யலாம். முழுசா வராது. ஆனா வரும்" என்றார்.

 அக்கா விட்ட இடத்திலிருந்து செயினை மாட்ட ஆரம்பித்தாள். "வந்தா வரட்டும். இடமா இல்லை?" என்றாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "படிச்சவங்க ரொம்ப காலமா ஒரு விஷயத்துக்காகச் சண்டை போடுறாங்க. பிறந்ததுலேர்ந்து பார்வை இல்லாத ஒருத்தருக்கு எது உருண்டை, எது பெட்டின்னு கையால நல்லாத் தெரியும். அவருக்குக் கண்ணு வந்துட்டா, தொடாம, வெறுமனே பார்த்தே எது எதுன்னு சொல்லிடுவாரா? சிலர் சொல்லிடுவார்ங்கறாங்க. சிலர் முடியவே முடியாதுங்கறாங்க."

"இதுக்கா சண்டை?" அக்காவுக்கு ஆச்சரியம். "உருண்டை உருண்டைதானே டாக்டரம்மா. ஒருத்தர் வாசல் வழியா வந்தாலும் ஜன்னல் வழியா வந்தாலும் உள்ளே வர்றது அதே ஆளுதானே? என்கிட்ட கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"சரி, உங்ககிட்டயே கேட்டுடுவோம்" என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று, ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில், கண்ணுக்குள் யாரோ வெளிச்சத்தை வாளி வாளியாகக் கொட்டினார்கள். அதில் என்னென்னவோ மிதந்தன. எது சுவர், எது ஆள், எது காற்று, ஒன்றும் புரியவில்லை. தடித்த கண்ணாடியை மாட்டிவிட்ட பிறகு மிதந்தவற்றுக்குக் கொஞ்சம் கரை வந்தது. டாக்டரம்மா மேஜையில் ஒரு மரப் பந்தையும் ஒரு மரப் பெட்டியையும் வைத்து, "எது உருண்டை?" என்று கேட்டார்.

அக்கா பார்த்தாள். ஒரு திட்டு, பக்கத்தில் இன்னொரு திட்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று வேறு என்பது மட்டும் தெரிந்தது. இதில் எதைப் பிடித்துக்கொண்டு உருண்டை என்பது? கையில் உருண்டை என்றால் விரல்கள் வழுக்கிக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது. இங்கே வழுக்குவதற்கும் ஒன்றுமில்லை, நிற்பதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லையே.

"இதுதான்" என்று பெட்டியைக் காட்டினாள். கொஞ்சமும் தயங்கவில்லை.

"தொட்டுப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

தொட்டாள். நாலு மூலையும் விரலில் குத்தின. "நான் கையை நீட்டுறதுக்குள்ள மாத்தி வச்சிட்டீங்க" என்றாள். அந்த வாய்க்கு மருந்தே கிடையாது.

அத்தோடு விட்டிருக்கலாம். கதவுக்கு வெளியே கணவர், வாலு, வாலுவின் பெரியம்மா, அந்தப் பெரியம்மாவின் மகள் எல்லோரும் காத்திருந்தார்கள். பெரியம்மா மகளுக்கும் வாலு வயதுதான், வாலு உயரம்தான். உருண்டையில் போன மானத்தை மகளிடம் மீட்டுவிடலாம் என்று இவளுக்கு ஒரு வீம்பு. "எல்லாரும் உள்ளே வாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. என் பொண்ணை நானே கண்டுபிடிக்கிறேன்" என்றாள்.

வந்து நின்றார்கள். இரண்டு பெரிய திட்டு, இரண்டு சின்னத் திட்டு. சின்னதில் ஒன்று லேசாக முன்னால் சாய்ந்தது. தாயிடம் வரத் துடிக்கிற பிள்ளைதானே சாயும்? அக்கா நேரே போய் அதை வாரிக் கட்டிக்கொண்டாள். "என் தங்கமே, உன்னைப் பார்த்துட்டேன்டி!" என்றாள்.

கட்டிய அந்த நொடியிலேயே கைகளுக்குத் தெரிந்துவிட்டது. தோள் வேறு. முடி வேறு. இது பெரியம்மா மகள். கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வாலு அறையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அக்கா சீப்போடு உட்கார்ந்து கூப்பிட்டாள். வாலு வந்தாள், ஆனால் எட்டியே நின்றாள்.

"நானே பின்னிக்கிட்டேன்" என்றாள்.

"எங்கே, காட்டு" என்று அம்மா கையை நீட்டினாள்.

"தொடாதே."

அந்தச் சொல் அந்த வீட்டில் அதுவரைக்கும் யாரும் யாரிடமும் சொல்லாத சொல். அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது.

"கண்ணு வந்துடுச்சுல்ல?" என்றாள் வாலு. குரல் உடைந்துகொண்டு வந்தது, ஆனால் விடவில்லை. "எல்லாரும் இருக்கறப்போ அவளைப் போய் கட்டிப் பிடிச்சியே. தொட்டுக் கண்டுபிடிச்சா அது கள்ளாட்டம். கண்ணால பார்த்து, இது நான்தான்னு கண்டுபிடி. அப்புறம் தொடு."

"அவ்வளவுதானே? ஒரு வாரம் போதும் எனக்கு" என்றாள் அம்மா.

வாலு பள்ளிக்கூடம் போன பிறகு, அவள் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மகளைத் தொட முடியவில்லை என்றால் மகளிடம் எப்படிப் பேசுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. வார்த்தையெல்லாம் கைகளில் இருந்தது. காய்ச்சலா, சண்டையா, தூக்கமில்லையா, எதுவும் இனித் தெரியப்போவதில்லை. தெரியாத வீட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்டது போல இருந்தது.

ஒரு வாரம் போயிற்று. பல வாரங்கள் போயின. கண் அவளுக்கு உதவியதைவிட வம்பு செய்ததுதான் அதிகம். தரையில் விழுந்த நிழலைப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டினாள். தெருக்கோடியில் வந்த பால்காரரைப் பார்த்து, "ஐயோ, இவரு இவ்வளவு குள்ளமா? குரல் கேட்டா ஆஜானுபாகுவா இருக்காரு" என்றாள். அவர் கிட்டே வர வரப் பெரிதாகிக்கொண்டே வந்ததைப் பார்த்து நிஜமாகவே பயந்துபோனாள். நிறங்கள் மட்டும் சீக்கிரம் பிடிபட்டன. நீலம் அவளுக்குப் பிடித்தது. மஞ்சளை அவள் மதிக்கவில்லை.

இதெல்லாம் போகட்டும் என்று விடலாம். தொழிலில் கை வைத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒருநாள் ஒரு தபால்காரர் தன் சக்கரத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். அக்கா மேஜையில் உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் அதைப் பார்த்தாள். நசுங்கிப் போய், ஒடுங்கி, நீள்வட்டமாகக் கிடந்தது. "உங்க ரிம் போச்சு. ஏதாவது லாரி ஏறிடுச்சா? வேற ரிம்தான் போடணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தபால்காரர் திகைத்தார். "ஸ்போக் ஒண்ணு உடைஞ்சிருக்கு, அவ்வளவுதானேக்கா?" என்றார்.

அவள் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தாள். வட்டம். அப்பழுக்கில்லாத வட்டம். எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள், கண்ணிலும் வட்டம். கொஞ்சம் திருப்பினாள், கண்ணில் நசுங்கியது, கையில் நசுங்கவில்லை. திருப்பத் திருப்பக் கண் ஒரு கதை சொன்னது, கை ஒரே கதையைச் சொன்னது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குத் தன் கையின் மேலே சந்தேகம் வந்தது. ஊரெல்லாம் கண்ணைத்தானே நம்புகிறது? இத்தனை வருஷமாக நான்தான் தப்பாக வட்டம் வட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேனா?

அன்றிலிருந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு வேலை செய்தாள். கணவருக்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு பாடுபட்டு வாங்கின கண்ணை மூடியே வச்சிருந்தா எப்படிம்மா?" என்றார். அவர் பாடமும் எடுத்துப் பார்த்தார். நாளெல்லாம் தலைகளோடு பழகுகிறவர் ஆயிற்றே. "மூஞ்சில முதல்ல மூக்கைப் பிடிச்சுக்கோ. மூக்கு இடம் மாறாது. அதுலேர்ந்து மேல போனா கண்ணு, கீழ போனா வாய்."

"நீங்க சொல்றது சரிதான். ஆனா சிரிச்சா வேற மூஞ்சியாயிடுது. திரும்பினா இன்னொரு மூஞ்சி. ஒரு ஆளுக்கு எத்தனை மூஞ்சியைத்தான் ஞாபகம் வச்சுக்கிறது?"

வாலுவின் முகமும் அப்படித்தான். சாப்பாட்டு மேஜையில் எதிரே அது இருந்தது. இடத்தை வைத்தும் குரலை வைத்தும் அது வாலு என்று தெரியும். ஆனால் அதே முகம் தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது, அது வாலுவுக்கும் தெரியும். ஒருமுறை தெருவில் பேசாமல் அம்மாவைக் கடந்து போய்ப் பார்த்தாள். அம்மா கடந்து போய்விட்டாள். அன்று சாயங்காலம் வாலு சாப்பிடவில்லை.

திருப்பம் ஒரு சாதாரண பகலில் வந்தது. கணவரின் நச்சரிப்புக்காக அன்று கண்ணைத் திறந்து வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். நகத்தை வைத்தாள். கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. 'டக்' என்று நகத்தில் தட்டியது. அதே நேரத்தில் கண்ணில் ஏதோ ஒன்று துடித்தது. மறுபடி டக், மறுபடி துடிப்பு. டக், துடிப்பு.  நகத்தை எடுத்துவிட்டாள். தட்டல் இல்லை. துடிப்பு மட்டும் வந்தது, போனது, வந்தது, போனது. ஃபோர்க்குக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த வெளிச்சக் கீற்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை ஒடுங்கி விரிந்தது.

கோட்டம்! கையில் இத்தனை வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்த அதே கோட்டம், இப்போது கண்ணில் வந்து தட்டுகிறது. சும்மா கிடந்தபோது பந்தும் பெட்டியும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஓடுகிற சக்கரம் சொல்லிவிட்டது.

"என்னங்க! ஓடி வாங்க! கோட்டம் தெரியுதுங்க!"

கணவர் கத்திரியோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், கழுத்தில் துணியும் பாதி வெட்டிய தலையுமாக ஒரு வாடிக்கையாளர் ஓடி வந்தார். அக்கா சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். கையைக் கட்டிக்கொண்டு, வெறும் பார்வையால், "இதோ... இதோ... இதோ..." என்று ஒவ்வொரு சுற்றுக்கும் சரியாகச் சொன்னாள். பாதித் தலைக்காரர் கைதட்டினார். அந்தக் களேபரத்தில், கடை வாசலில் ஒரு நீலம் வந்து நின்றதையும், சற்று நேரம் அசையாமல் நின்றுவிட்டு நகர்ந்து போனதையும் அவள் பார்த்தாள். யாரோ வாடிக்கையாளர், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சில நாட்களில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வந்தது. "ஸ்லோ சைக்கிள்ல நான் இருக்கேன்" என்று வாலு சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். மெதுவாக ஓட்டுகிற போட்டி அது. காலைக் கீழே ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், கடைசியாக வந்து சேருகிறவருக்குத்தான் பரிசு. "நீ வந்து என்னைக் கண்டுபிடி. அப்பா வாயைத் திறக்கக் கூடாது."

"அது ஒரு பெரிய விஷயமா?" என்றாள் அம்மா. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அவள் கயிற்றோரம் முன்வரிசையில் போய் நின்றுகொண்டாள். பக்கத்தில் கணவர், உதட்டைக் கடித்துக்கொண்டு. மைக்கில் ஒருவர் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் கூச்சலில் காது ஒன்றுக்கும் உதவாது. ஏழெட்டுப் பேர் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே வெள்ளைத் தொப்பி. முக்கால்வாசிச் சைக்கிள்கள் கறுப்பு. நிறத்தை நம்பி வந்தவளுக்கு முதல் பார்வையிலேயே அந்த வழி அடைந்துபோனது.

மூக்கைப் பிடித்தாள். ஏழெட்டு மூக்கு. தொப்பியின் நிழலில் எல்லா முகமும் பிசைந்து வைத்த மாவு போல இருந்தது. இடமிருந்து வலம் பார்த்தாள், வலமிருந்து இடம் பார்த்தாள். இதுவா? ஒருவேளை அதுவா? இன்னொருமுறை வேறு பிள்ளையைக் காட்டிவிட்டால் அவ்வளவுதான், சீப்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட வேண்டியதுதான்.  தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று முதல்முறையாகத் தோன்றியது. "தெரியலங்க" என்று முணுமுணுத்தாள். கணவர் மைக் சத்தத்தில் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

விசில் ஒலித்தது. சைக்கிள்கள் நகர ஆரம்பித்தன. நகருகின்றனவா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு நகர்ந்தன. ஹேண்டில்கள் இப்படியும் அப்படியும் வெட்டின. அவளுக்குத் தானாகக் கண் கீழே போயிற்று. முகத்தைவிடச் சக்கரம் தெரிந்த பொருளல்லவா? முதல் சக்கரம், சுத்தம். அடுத்தது, கொஞ்சம் காற்று கம்மி. அடுத்தது பரவாயில்லை.

நாலாவது சைக்கிளில் முன்ரிம் ஆடியது.

அப்பட்டமான கோட்டம். வெளிச்சக் கீற்று ஒடுங்கியது, விரிந்தது. யார் இப்படி ஒரு வீலைப் போட்டிக்குக் கொண்டு வந்தது? அக்காவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. மகளை மறந்தாள், கண்ணை மறந்தாள், கயிற்றில் சாய்ந்து அந்த ஒரு ரிம்மையே பார்த்தாள். சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்போக்குகளுக்கு நடுவே குட்டையாக ஒன்று துருத்திக்கொண்டு மேலேறி வந்தது. வால்வு. வால்வு ஃபோர்க்கைத் தாண்டியதும் ரிம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. அடுத்த சுற்று. வால்வு வந்தது, உடனே ரிம் ஒதுங்கியது. மற்ற இடமெல்லாம் நூல் பிடித்தது போல நேர். பள்ளத்தில் இறங்கி வந்த கோட்டம் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். வால்வுக்குச் சரியாகப் பக்கத்தில், அடுத்தடுத்த ஸ்போக்கில், அளவெடுத்தாற்போல ஒரு கோட்டம் என்றால் அது விழுந்த கோட்டம் இல்லை, யாரோ உட்கார்ந்து வைத்த கோட்டம். வால்வுக்குப் பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கிற பழக்கம் ஒரே ஒரு கடைக்குத்தான் உண்டு.

"ஏய் வாலு!" மைக்கையும் தாண்டிக்கொண்டு அவள் குரல் போனது. "யாரைக் கேட்டுடி வீல்ல கையை வச்சே?"

நாலாவது சைக்கிள் தடுமாறியது. அதன் மேலிருந்த பெண் இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள். நடுவர் "அவுட்!" என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, மற்ற பிள்ளைகளின் கோடுகளையெல்லாம் மிதித்துக்கொண்டு, கயிற்றை நோக்கி ஓடி வந்தாள். இரண்டு போட்டியாளர்கள் அவளால் கால் ஊன்றினார்கள். அதற்காக அவர்களுடைய பெற்றோர்கள் பிறகு தனியாகச் சண்டைக்கு வந்தார்கள்.

"பார்த்துட்டே!" வாலுவுக்கு மூச்சு வாங்கியது. "அம்மா, நீ பார்த்துட்டே!"

"உன்னைப் பார்க்கலைடி. வீலைத்தான் பார்த்தேன்" என்றாள் அம்மா. பொய் சொல்ல மனம் வரவில்லை. இப்படிச் சொன்னால் மகள் மறுபடி எட்டிப் போய்விடுவாளே என்று பயமாகவும் இருந்தது.

"வீலை யாரு வச்சா? நான்தானே? அன்னிக்குக் கடையில நீ கையைக் கட்டிக்கிட்டு 'இதோ, இதோ'ன்னு சொன்னியே, நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். மூஞ்சி உனக்குத் தெரியாது, கோட்டம்னா நீ விடமாட்டேன்னு எனக்குத் தெரியும்." வாலு கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நீ கண்டுபிடிக்கணும்னுதான்மா செஞ்சேன். நீ மறுபடி கண்டுபிடிக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அப்போதுதான் தாய்க்கு விளங்கியது. ஆஸ்பத்திரியில் தோற்றது தான் மட்டுமில்லை. இந்தப் பிள்ளையும் இத்தனை நாளாகத் தலையைத் தானே கோணலாகப் பின்னிக்கொண்டு, வீம்பை விடவும் முடியாமல், அம்மா ஜெயிப்பதற்கு வழி தேடிக்கொண்டு இருந்திருக்கிறது.

வாலு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்தாள். அம்மா பழக்கத்தில் கண்ணை மூடப் போனாள்.

"மூடாதே. ரெண்டாலயும் பாரு."

கட்டைவிரல் புருவத்தில் ஓடியது. விரல் போன இடத்துக்குக் கண்ணும் போயிற்று. ஓ, இந்தக் கறுப்புக் கோடா புருவம்! விரல் இறங்கியது. இந்த மேடுதான் கன்னமா, வெளிச்சம் விழுந்து பளபளவென்று இருக்கிறதே! கன்னம் ஈரமாக இருந்தது. ஈரம் கண்ணுக்கு மின்னலாகத் தெரியும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சக்கரத்தில் தட்டும் துடிப்பும் ஒன்றானது போல, ஒவ்வொரு இடமாக, கையில் இருந்த மகளும் கண்ணில் இருந்த மகளும் ஒருவர்மேல் ஒருவர் போய்ப் பொருந்தினார்கள். கடைசியாக மூக்குக்கு வந்தாள்.

"மூக்கு உங்க அப்பாவோடது. கையால பார்த்தப்பவே எனக்குச் சந்தேகம்" என்றாள்.

கணவர் வாயைத் திறந்தார். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது: "நல்ல மூக்குதானே?"

மறுநாள் காலையில் தலை பின்னி முடித்த பிறகு, வாலுவின் சைக்கிளிலிருந்து முன்சக்கரத்தைக் கழற்றி அக்கா மேஜையில் மாட்டினாள். முதலில் தளர்ந்த ஸ்போக்குகளையெல்லாம் ஒழுங்காக முறுக்கி, கோட்டத்தைச் சுத்தமாக எடுத்தாள். நகம் வைத்துப் பார்த்தாள், கண் வைத்தும் பார்த்தாள். இரண்டும் சும்மா இருந்தன. சக்கரத்தைக் கழற்றப் போனவள் நின்றாள். வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தி ஒரு காலில் நின்று மறுகாலைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமே" என்றாள் வாலு. "மூஞ்சி நல்லாப் பழகற வரைக்கும். பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் ஒண்ணாத்தானே வருவோம்."

 அக்கா ஸ்போக் சாவியை மறுபடி எடுத்தாள். வால்வுக்குப் பக்கத்திலிருந்து எண்ணி, ஒரு பக்கத்தில் அரைத் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கத்தில் அரைத் திருகு முறுக்கி, பிரேக்கில் உரசாத, ஆளைத் தள்ளாத, பத்திரமான சின்னக் கோட்டம் ஒன்றை வைத்தாள். சுற்றிவிட்டுப் பார்த்தாள். கீற்று ஒடுங்கியது, விரிந்தது.

"யாராவது கேட்டா எங்க கடையில செஞ்சதுன்னு சொல்லிடாதே" என்று சொல்லி, சக்கரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள்.